கறை படியாத எலும்பு

ஸ்கிளரோஸ்டின்.
பெயர் பல்லில் இடறும். வேலை எளிது.
எலும்புக்குள் புதைந்து கிடக்கும் செல்
மேலே கட்டிக்கொண்டிருக்கும் செல்லுக்கு
இதை அனுப்பிச் சொல்கிறது:
போதும்.

லெய்டனில், இரண்டாம் மாடியில்,
இருபது வருடமாக எனக்கு இதுதான் பிழைப்பு.
சுண்ணாம்பைக் கரைத்து, மெழுகில் பதித்து,
ஐந்து மைக்ரானாகச் சீவி,
எதிர்ப்புரதம் ஒரு துளி.
'போதும்' இருக்கும் இடமெல்லாம் பழுப்பேறும்,
தேநீர்க் கறைபோல.

ஒரு சில்லில் மட்டும் ஏறவில்லை.
மூன்று முறை செய்தேன்.
புதுப் புட்டியைத் திட்டினேன்.
குழிகள் இருந்தன, குழிக்குள் செல்கள் இருந்தன,
சொல்ல வேண்டியதுதான் இல்லை.

நோயாளிகள் வந்து பார்க்கும் நாளில்
உர்க்கிலிருந்து வந்த மாரெட்யே
"என் தாடையைக் காட்டு" என்றாள்.

முன்பு தீவாக இருந்த ஊர்.
கடல் கிடந்த இடத்தில் இன்று உருளைக்கிழங்கு.
அவள் மீன் ஆலையில் கத்தி பிடிப்பவள்.
விரல் தடித்துத் தடித்து
மோதிரத்தை இரண்டு முறை அறுத்தாயிற்று.
படகுத்துறையிலிருந்து தளத்தில் விழுந்தாள்,
பலகைதான் விரிந்தது.
நீச்சல்குளத்தில் கல்லாய் இறங்குவாள்.
நரம்பு போகும் துளைகளை
எலும்பு கொஞ்சம் கொஞ்சமாக அடைத்துவிட்டது.
இடக்கன்னம் சிரிக்காது, இரு காதும் கேட்காது.
"மெதுவாகப் பேசு. உதட்டைப் பார்க்கிறேன்."

சொன்னேன்:
உங்களைப் போன்றவர்களைப் பார்த்துத்தான்
'போதும்' என்பதன் வாயைப் பொத்தும்
மருந்து செய்தார்கள்.
பாலத்தில் சைக்கிள் சறுக்கி
என் மணிக்கட்டு பிஸ்கட்டாய் நொறுங்கியபின்
மாதம் இரண்டு குத்து, பன்னிரண்டு மாதம்
நானும் போட்டுக்கொண்டேன்.

போதும் என்ற மனமே மருந்தாம்.
அதைக் கேளாதிருப்பதே
என் எலும்புக்கு மருந்தாயிற்று.

என் மணிக்கட்டை வாங்கி அழுத்திப் பார்த்தாள்,
சந்தையில் மீனைப் பார்ப்பதுபோல.
பிறகு கேட்டாள்:
"அந்தப் 'போதும்' புட்டியில் கிடைக்குமா, எனக்கு?"

கிடைக்கும்.
உறைபெட்டியில், மைனஸ் இருபதில்,
பத்து மைக்ரோகிராம்,
எடைக்கு எடை பொன்னைவிட விலை.
அளவு சரிபார்க்க வைத்திருக்கிறோம்.

எடுத்துக் காட்டினேன்.
சீட்டை அவளே வாசித்தாள்:
ஆராய்ச்சிக்கு மட்டும். மனிதருக்கு அல்ல.

எனக்கு உதடு அசையவில்லை.
அசைந்திருந்தால் அவள் படித்திருப்பாள்.

புட்டியில் பனி பூத்தது. திரும்ப வைத்தேன்.
அவள் குனிந்து
நுண்ணோக்கியில் வெகுநேரம் பார்த்தாள்,
ஒரு பொட்டு பழுப்பில்லாத தன் தாடையை.
"நன்றாகத்தான் கழுவியிருக்கிறாய்" என்றாள்,
வலப்பக்கம் மட்டும் சிரித்து.