அதே தட்டு

எங்கள் ககோஷிமாவில் கோழியைப் பச்சையாகவும் தின்போம்.
தோலை மட்டும் தீயில் காட்டி,
உள்ளே இளஞ்சிவப்பு மாறாமல் மெல்லிசாய் அரிந்து
இனிப்பு சோயாவில், பூண்டில் தொட்டு.
அன்று அரிந்தவன் நான்.

எரிமலை சாம்பல் தூவிய இரவு.
ஜன்னலைச் சாத்தச் சொன்னாள் ஹிசாயோ.
குனியாகியும் நானும் ஒரே தட்டில் தின்றோம்.

எனக்கு ஒன்றுமில்லை.
அவனுக்கு நாலு நாள் வயிற்றுப்போக்கு.
வயசாயிடுச்சு உனக்கு என்று சிரித்தேன்.
கழிப்பறைக் கதவுக்குப் பின்னாலிருந்து
அவனும் சிரித்தான்.

பத்தாம் நாள்
பாதத்தில் எறும்பு ஊருகிறது என்றான்.
படகில் கயிறு எறிபவன் அவன்.
சகுராஜிமாவுக்குப் பதினைந்து நிமிடம்,
அப்படியே முப்பது வருடம்.
பன்னிரண்டாம் நாள்
கயிறு கரைக்கு எட்டாமல் தண்ணீரில் விழுந்தது.
மறுநாள் படி ஏற முடியவில்லை.
அதற்கு மறுநாள் கரண்டி.
பிறகு மூச்சையும் ஓர் இயந்திரம் வாங்கிக்கொண்டது.

முழங்காலில் சுத்தியலால் தட்டினார் டாக்டர்.
ஆளில்லாத வீட்டின் கதவு.

கிருமி எப்போதோ செத்துவிட்டது என்றார்.
அது போட்டிருந்த சட்டையும்
நரம்பு போர்த்தியிருக்கும் உறையும்
ஒரே துணியில் வெட்டியதுபோல் இருக்குமாம்.
பிடிக்க வந்த காவல்
சட்டையைப் பார்த்து
வீட்டுக்காரனையே அடிக்கிறது.
ஆயிரத்தில் ஒருவருக்கு, என்றார்.
அந்த ஒருவர் ஏன் இவர் என்று
ஹிசாயோ கேட்டாள்.
அவருக்குத் தெரியவில்லை.
கடைசித் துண்டை அவன் பக்கம் தள்ளியவன்
சுவரில் காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவன் இமைகள் மூடுவதில்லை.
இரவானால் ஹிசாயோ டேப் ஒட்டுகிறாள்,
கடிதத்தை ஒட்டுகிற பதனத்தோடு.
என்னிடம் அவள் பேசுவது
வெளியே சாம்பல் எவ்வளவு என்று மட்டும்.

ஆறாவது வாரம் எழுத்துப் பலகை வந்தது.
விரல் வைத்து நகர்த்துவேன்,
சரியான எழுத்தில் அவன் கண் மேலே போகும்.
என்ன கேட்பான் என்று எனக்குத் தெரியும்.
பதிலும் வைத்திருந்தேன், மூன்று விதமாக.

க.
என் கை வியர்த்தது. கத்தி, கோழி, கடை,
எல்லாம் க-வில்தானே.

யி.
று.

கயிறு யார் எறிகிறார்கள் என்று
எழுத்தெழுத்தாய்க் கேட்டு முடிக்க
அரைமணி நேரமாயிற்று.

புதுப் பையன் ஒருத்தன், என்றேன்.
பாதி நாள் தண்ணீரில்தான் போடுகிறான்,
கேப்டன் கத்துகிறார்.

பொய்.
பையன் நன்றாகவே எறிகிறான்.