மஞ்சள் கயிறு

இரவு பதினொன்றரைக்கு டேங்கர் கிளம்பும்.
மழை வந்தால் பத்துக்கே.
மழை நல்லதுப்பா, எல்லாத்தையும் அடித்துக்கொண்டு போகும்
என்பார் மேனேஜர் கஜபதி,
வியர்வையிலும் அழியாத விபூதியோடு.
மற்ற நாளில் அடித்துக்கொண்டு போகப்
பாலாற்றில் என்ன இருக்கிறது,
மணல், சீமைக்கருவேலம், ஒரு கிழிந்த பாய்.

ராணிப்பேட்டையில் ஒரு தோல் கம்பெனி லேபில்
கழிவுநீரில் உப்பு அளக்கிறவன் நான்.
சாமி இல்லை என்று இருபது வயதில் முடிவு செய்தேன்.
அதில் வருத்தம் இல்லை, கொஞ்சம் பெருமைதான்.
முத்துக்கடையில் டீ கிளாஸைத் தட்டித் தட்டி
"பயந்து செய்தால் அது ஒழுக்கமா, வெறும் கணக்கு"
என்று பேசியிருக்கிறேன்.
கேட்டவர்கள் என் டீக்கும் சேர்த்துக் காசு கொடுத்தார்கள்.

சித்திரையில் வந்த எண்
பதினோராயிரத்து எண்ணூற்று நாற்பது.
எழுதிய எண் இரண்டாயிரத்துத் தொண்ணூறு.
யாரும் மிரட்டவில்லை.
கஜபதி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்,
என் தங்கையின் கல்யாணத் தேதியை விசாரித்தார்,
அவ்வளவுதான்.
பேனா என்னுடையது.

அந்த வாரம்தான் ஏகாம்பரம்
டேங்கர் சாவியை மேசைமேல் வைத்தான்.
"கெங்கையம்மனுக்குக் காப்பு கட்டிக்கீறேன் சார்.
ராத்திரியில ஆத்துல எறங்கக் கூடாது."
மணிக்கட்டில் மஞ்சள் கயிறு, ஒரு துண்டுக் கிழங்கு.
கஜபதி கன்னத்தில் போட்டுக்கொண்டார்.
இரவுக்கு வேறு டிரைவர் வந்தான்.
டேங்கர் நிற்கவில்லை.

வைகாசியில் குடியாத்தம் வீதிகளில்
சிரசு ஊர்வலம் போய் முடிந்தது.
ஆனியில் கயிறு இருந்தது. ஆடியிலும்.
ஆவணியில் வெளுத்து வெறும் நூல்.
ஐப்பசியில் மறுபடி பளீரென்று மஞ்சள்.

நிறம் பார்த்துச் சம்பளம் வாங்குகிறவன், கேட்டுவிட்டேன்.
வாலாஜா பஸ்சுக்கு நின்றிருந்தோம்.

"இன்னா சார் நீங்க. அஞ்சு ரூபா கயிறு,
நானே கட்டிக்கினேன்.
மனசு ஒப்பலன்னு சொன்னா வேலை பூடும்.
அம்மன் பேரச் சொன்னா பகல் ட்யூட்டி."

அம்மன் பேரில் பொய் சொல்லலாமா?
கேட்டது நான். நான்!

ஒரு பஸ் வந்து போயிற்று. அவன் ஏறவில்லை.
"அது அவளுக்குத் தெரியும் சார்.
தெரியலன்னா அவ இன்னா சாமி?"

பிறகு, கேட்காமலே:
"அந்தாண்ட கரையில எங்க அக்கா வூட்டுக் கெணறு.
தொட்டித் தண்ணிய மோந்து பாத்துட்டுப்
பசு மூஞ்சத் திருப்பிக்கிச்சு.
அப்போ அம்மன் ஞாபகமே வரல."

கஜபதி வருஷாவருஷம் திருப்பதிக்கு நடக்கிறார்.
எதையோ மேலே வைத்துவிட்டு இறங்குகிறார்,
ஒரு மாதம் முகம் கழுவினதுபோல் இருக்கும்.
ஏகாம்பரத்தின் மகளுக்கு வேலூர் ஆஸ்பத்திரியில்
பில் கட்டியதும் அவர்தான், அதையும் சொல்ல வேண்டும்.

என் இரண்டாயிரத்துத் தொண்ணூறை
நான் எந்த உண்டியலில் போட?
மன்னிக்க மேலே ஆளில்லை என்று
ஊருக்கெல்லாம் சொன்ன வாய் இது.
கேட்பதென்றால் அந்தக் கிணற்றைத்தான் கேட்க வேண்டும்,
அல்லது பசுவை.

கார்த்திகை மழை. மணி பத்து.
வெளியே டேங்கர் உறுமுகிறது.
மேசையில் படிவம், புட்டியில் பழுப்பு.
டிராயரில், லிட்மஸ் தாளுக்கு அடியில்,
போன வாரம் வாங்கின ஐந்து ரூபாய்க் கயிறு.
கட்டிக்கொள்ளத்தான் வாங்கினேனா, தெரியாது.
ஒற்றைக் கையால் முடிச்சு விழவில்லை.
ஏகாம்பரம் பல்லால் இழுத்திருப்பான்.

வராந்தாவில் கஜபதியின் செருப்புச் சத்தம்.
கயிற்றை உள்ளேயே தள்ளி மூடினேன்.
கட்டத்தில் முதல் இலக்கம் எழுதினேன்: ஒன்று.
இரண்டாவதும் ஒன்று.
இன்னும் மூன்று இலக்கம் இருக்கிறது.