டிலீட்டுக்கு அடியில்

காலை ஐந்தே கால். ஏலம் ஏழு மணிக்கு.
வெளியே போலுங்கார்விக் துறைமுகம் முழுக்க இருட்டு.
உள்ளே பனிக்கட்டித் தொட்டிகளில் ஹாடக் மீன்கள்
வாய் பிளந்து கிடக்கின்றன,
எங்கள் எடையை யாராவது எழுதிக்கொள்ளுங்கள் என்று.

எழுதிக்கொள்ள வேண்டியது
எழவே மாட்டேன் என்கிறது.

பொத்தானை அழுத்தினால் விசிறி சுற்றுகிறது,
ஒரு பீப்,
செய்தவன் பெயர் வந்து மறைகிறது,
பிறகு விண்டோஸ் வர வேண்டிய இடத்தில்
அந்த நீலப் பக்கம்:
நாள், நேரம், வட்டின் பெயர்.
எதை மாற்றட்டும்? எதை மாற்றட்டும்?
ஒன்றையும் மாற்றாதே, வெளியே போ.
போகிறது. போய் மறுபடி அங்கேயே வந்து நிற்கிறது,
வீட்டைப் பூட்டித் தெருமுனைவரை போனவன்
பூட்டை இழுத்துப் பார்க்கத் திரும்புவது போல.

தொலைபேசியில், அக்குரேரியிலிருந்து, ஸ்டெயின்தோர்.
தூக்கம் கலையாத குரல்.
"கரண்ட் இருக்கா?"
நீலமாக எரிகிறதே, இல்லாமலா?
"வட்டு தெரியுதா?"
தெரிகிறது.
"மெமரியைக் கழற்றித் துடைச்சு மாட்டு."
மாட்டினேன். அதே நீலம்.
"கடிகார பேட்டரி?"
அதன் கடிகாரம் என் கடிகாரத்தைவிடச் சரி.
கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது.
தூங்கிவிட்டான் என்றே நினைத்தேன்.
"ஸ்வாலா, கீபோர்டைப் பிடுங்கு."

பிடுங்கினேன்.
கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி:
கீபோர்டு இல்லை. தொடர F1 அழுத்தவும்.

சிரித்துவிட்டேன். மணி ஆறு பத்து.
பின்னால் ரப்பர் கையுறையோடு தோர்கில்ஸ்;
அவன் சிரிக்கவில்லை.
தொட்டிகளில் இரண்டு டன் அவனுடையது.

கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டினேன்:
ரொட்டித் துகள், உப்பு, ஒரு கிளிப், யாருடையதோ நகம்.
எல்லா விசையும் மேலே நிற்க
டிலீட் மட்டும் ஒரு மயிரிழை தாழ்ந்து.
தோர்கில்ஸின் கத்தி முனையால் நெம்பினேன்.
அடியில் ஒரு செதில்.

இரவெல்லாம் இந்தச் செதில்தான் அழுத்திக்கொண்டிருந்தது.
யாரும் கேட்காத கேள்விக்கு
விடாமல் ஒரே பதில்.

ஹெர்ரிங், என்றான் தோர்கில்ஸ்.
ஹெர்ரிங் இங்கே வந்து இரண்டு மாதம் ஆகிறது.
கீபோர்டு முன்னால் உட்கார்ந்து தின்கிறவன்
இரவு ஷிஃப்ட் போகுமில் ஒருவன்தான்.
"நான் தின்பது போலந்து ஜாடியில் வருவது,
தோலே இருக்காது, செதிலுக்கு எங்கே போவது?"
அதுவும் நியாயம்தான்.

செருகி, பொத்தானை அழுத்தினேன்.
விசிறி. பீப். பெயர்.
நீலத்தைத் தாண்டிப் போய்விட்டது.

ஆறு நாற்பதுக்கு முதல் தொட்டி தராசில் ஏறியது.
தோர்கில்ஸ் நகரவில்லை.
செதிலை விளக்குக்கு நேரே பிடித்து, ஒரு கண்ணை மூடி,
வளையங்களை எண்ணிக்கொண்டிருந்தான்.
"நாலு குளிர்காலம். இல்லை, ஐந்து."
கையில் பிடித்திருந்த தொலைபேசிக்குள்ளிருந்து
ஸ்டெயின்தோர் கத்தினான்:
என்ன ஐந்து?
என்ன பிழை எண் அது?