டோல்கேட் சிக்னல், பதினேழாவது சுற்று

காரென்றால் ஒன்று.
பைக் அரை, ஆட்டோ முக்கால்.
கன்டெய்னர் இழுத்துவரும் டிரெய்லர் நாலரை.
மாட்டுவண்டிக்கு எட்டு என்கிறது கையேடு;
மூன்று நாளாக அந்தக் கட்டம் காலி.
மீன்கூடையோடு குறுக்கே போகிறவளுக்குக்
கட்டமே கிடையாது.

சாலையின் அகலத்தை
ஐந்நூற்று இருபத்தைந்தால் பெருக்கு.
அதில் பச்சையின் பங்கை எடு.
அவ்வளவுதான் சூத்திரம்.
வரைபடத்தில் ஏழு மீட்டர்.
டேப்பின் மறுமுனையைப் பிடித்திருந்த இஸபெல்லா
பஞ்சர் கடை டயர் அடுக்கோரம் குனிந்து சொன்னாள்:
"அஞ்சு இருபது மேடம். அதுக்கு மேல
ஒருத்தர் கால நீட்டிக்கிட்டு உக்காந்திருக்காரு."

நூற்றிருபது வினாடிச் சுற்றில்
திருவொற்றியூர்ப் பக்கத்துக்கு முப்பத்தெட்டு.
பச்சை விழுந்ததும் வீணாகும் இரண்டு வினாடியை
முன்பே கழித்தாயிற்று:
கிளட்சுக்கு, கவனத்துக்கு,
செல்போனை மடியில் போடுவதற்கு.

பதினேழாவது சுற்று.
பச்சை.
முன்வரிசை டிரெய்லர் அசையவில்லை.
உள்ளங்கையில் ஸ்டாப்வாட்ச் ஓடுகிறது,
ஒன்பது, பதினான்கு, இருபத்தொன்று,
பின்னால் ஹாரன்கள்
ஒன்றின் தோளில் ஒன்று ஏறி நின்று கத்துகின்றன.

டிராபிக் மகிமைதாஸ் படியில் ஏறிப் பார்த்தார்.
ஸ்டியரிங்கில் நெற்றி வைத்துத் தூங்குகிறான்.
துறைமுக வாசல் வரிசையில்
நாற்பது மணி நேரம் விழித்திருந்தவன்
சிவப்பை நம்பிக் கண்ணை மூடியிருக்கிறான்.
லத்தியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
விரல் கணுவால் கண்ணாடியைத் தட்டினார்,
பக்கத்து வீட்டில் சாவி கேட்கப் போனவர் மாதிரி.

எழுந்தவன் முதலில் சிக்னலைப் பார்த்தான்.
அதற்குள் சிவப்பு.

விதிவிலக்கான சுற்றுகளை
நீக்கிவிடச் சொல்கிறது கையேடு.
அந்த வரியின் மேல் பேனாவை வைத்தேன்.
"நேத்து ரெண்டு இப்படி நின்னுச்சு," என்றாள் இஸபெல்லா,
"முந்தாநாள் ஒண்ணு.
எத்தன நடந்தா மேடம் அது விதி?"

கோடு இழுக்கவில்லை.
குறிப்பு என்ற கட்டத்தில் எழுதினேன்: தூக்கம்.

ராத்திரி கணக்குப் போட்டேன்.
தூக்கத்தைக் கழிக்கத் தெரியாத சூத்திரம்
மணிக்கு எண்ணூற்று அறுபத்து நாலரை என்றது.
அந்த அரை ஒரு பைக்காகத்தான் இருக்க வேண்டும்.
பெட்ரோல் டேங்க் மேல் ஸ்கூல் பையோடு பிள்ளை,
டிரெய்லருக்கும் தடுப்புக்கும் நடுவே
இரண்டு காலாலும் தரையைத் தள்ளித் தள்ளி,
பச்சை விழுமுன்பே
கோட்டைத் தாண்டி நிற்கிறதே, அது.

அதை எந்தச் சுற்றில் சேர்ப்பது?