கிலோ கணக்கு

செக்காலை ரோட்டில், மருந்துக்கடை மாடியில்,
மூன்று மாதத்துக்குப் பதினெட்டாயிரம் கட்டினேன்.
இறங்கியது நாலு கிலோ.
கிலோ நாலாயிரத்து ஐந்நூறு.
கறிக்கடை சாத்தையா சிரிக்கிறார்:
"ஏத்துறதுக்கு எண்ணூறுதானே ஆச்சி,
இறக்கவா இவ்வளவு?"

ட்ரெட்மில்லில் எவ்வளவு ஓடினாலும்
ஜன்னலில் அதே கழனிவாசல் பஸ்.

பற்று எழுதிவிட்டேன். வரவில்தான் குழப்பம்.
தினம் ஐந்தரைக்கு அந்தப் பெண் ரெஜினா
போன் அடிப்பாள்:
"உமையாளக்கா, கிளம்பிட்டீங்களா?"
இந்த வீட்டில் வேறு யார் கேட்டார்கள்?
பதினெட்டாயிரத்தில் அதற்கு எவ்வளவு போடுவது?

தவணை முடிந்தது. போன் இல்லை.
விழிப்பு மட்டும் ஐந்தரைக்கு வந்துவிடுகிறது.
நேற்று கோவிலூர் வரை நடந்தேன்,
காசில்லாமல், தனியாக.
திரும்புகையில் ஒரு கல்யாண வீட்டு வாசலில்
வெள்ளைப் பணியாரம் எண்ணெயில் உப்பிக்கொண்டிருந்தது.
மூன்று தின்றேன். இல்லை, நாலு.
ரெஜினாவுக்குத் தெரிந்தால் திட்டுவாள்.

தெரியட்டும்.