நாற்பது பாகைக்கு முன்

வாழ்நாள் முழுக்க மாற்றத் தேவையில்லாத ஒயில்
என்றான் விற்றவன்.
யாருடைய வாழ்நாள் என்று
நான் கேட்கவில்லை.
லீசிங் கடதாசியில் கையெழுத்து வைக்கிற அவசரம்.

எழுபத்தோராயிரம் கிலோமீற்றரில்,
இரணைமடுச் சந்தி கடந்து,
குறுக்கே மாடுமில்லை ஆளுமில்லை,
சும்மா முப்பதில் போகையில்
ஒரு நடுக்கம்.
காய்ச்சல் வரமுதல் தோளில் வருமே,
அந்தளவு.
பின்சீற்றில் சின்னராசா அண்ணை
"றோட்டுச் சரியில்லை" என்றார்.
றோட்டு கண்ணாடி மாதிரிக் கிடந்தது.

கரடிப்போக்கில் நிமலரூபன் சிரித்தான்.
"கியர்ப்பெட்டிதானே அக்கா,
பரலில் சிவப்பு ஒயில் கிடக்கு,
அரை மணித்தியாலம்."
இதுக்குள்ளை பல்லுச்சில்லு இல்லையடா தம்பி.
இரண்டு சோடிக் கூம்பு,
நடுவில் உருக்குத் தகடு நானூறு கோத்த ஒரு பட்டி.
கூம்பு விலகப் பட்டி இறங்கும், நெருங்க ஏறும்.
சிவப்பை ஊத்தினால் வழுக்கும்.
வழுக்கினால் கீறும்.
கீறினால் என்ரை வீட்டுக் கூரை போகும்.
அவன் பரலை மூடினான். கோபமில்லை.

கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில்
கண்டக்டரின் காலடியில்
நாலு லீற்றர் வந்தது,
ஆரோ ஒருத்தியின் கூறைச்சேலைப் பார்சலோடு.

புத்தகம் சொல்கிறது:
ஒயில் நாற்பது பாகையைத் தாண்டமுதல் மட்டம் பார்.
வைகாசிக் கிளிநொச்சியில்
நிழலில் நிறுத்திய வண்டியே நாற்பது.
ஆகவே விடிய நாலரை.
தங்கச்சியின் மகன் யதுசன்
ரோச்சும் பிடித்தான், கொட்டாவியும் விட்டான்.

ஜாக்கி. மரக்குத்தி. இன்னொரு மரக்குத்தி.
படுத்தேன்.
படுப்பது எனக்குப் பழக்கம்.
முகமாலையில் ஏழு வருடம்
விரல் விரலாய் மண் சுரண்டிய உடம்பு.
கருவி கத்தினால் ஆணியாயிருக்கலாம்,
மீன் ரின்னாயிருக்கலாம்.
எந்தக் கத்தலுக்கும் ஒரே மரியாதை.

போல்ட்டுகளை எதிரெதிராய்த் தளர்த்தி
கழற்றிய ஒழுங்கில் மட்டையில் குத்தினேன்.
பழைய ஒயில் தேத்தண்ணி நிறம்.
கருகின மணம் இல்லை,
இருக்கிறமாதிரியும் இருந்தது.
போத்தலில் அளந்தேன்:
மூன்று லீற்றரும் அரைக் கோப்பையும்.
எவ்வளவு வந்ததோ அவ்வளவுதான் உள்ளே போகவேணும்.

தட்டின் அடியில் இரண்டு காந்தம்.
அதில் சாம்பல் நிறக் களி, மை மாதிரி.
அது பிழையில்லை, தேய்கிறது தேயத்தான் செய்யும்.
பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில்
உரசிப் பார்த்தேன்.
களி, களி, களி,
பிறகு ஒரு குத்து.

நகத்துண்டளவு. வளைந்து. மினுங்கிக்கொண்டு.
"ஒண்டுதானே பெரியம்மா" என்றான் யதுசன்.
முகமாலையில் ஒருத்தரும்
அந்தச் சொல்லைச் சொன்னதில்லை.

தட்டை மண்ணெண்ணெயில் மூன்றுதரம் கழுவி
வெள்ளைத்துணியில் வடித்தேன்.
துணி வெள்ளையாய்த்தான் கிடந்தது.
கிட்டத்தட்ட.
துண்டைக் கடதாசியில் மடித்து
திகதியும் கிலோமீற்றரும் எழுதி
முன்பெட்டிக்குள் வைத்தேன்,
காப்புறுதிப் பத்திரத்துக்கு மேலே.

புது ஒயிலை ஊற்றி, ஸ்ரார்ட் பண்ணி,
நெம்பை ஒவ்வொரு எழுத்திலும் ஐந்து எண்ணும்வரை நிறுத்தி,
நூலாய் ஒழுகுவது துளியாகையில்
மூடினேன்.
வெயில் மதிலுக்கு மேலே வந்துவிட்டது.
முப்பத்தெட்டு.

ஏழு மணிக்குச் சின்னராசா அண்ணைக்கு
இரத்தம் கழுவுகிற நாள்.
உள்ளே விடமுதல் ஒருக்கா நிறுப்பார்கள்,
வெளியே விடமுதல் ஒருக்கா.
கையில் புட்டுப் பார்சலோடு ஏறினார்.

முப்பதில் காதைத் தீட்டினேன்.
நாற்பதில்.
சுற்றுமுள் ஓரிடத்தில் நிற்க
வேகமுள் மட்டும் ஏறியது.
எவ்விடத்தில் மாறினேன் என்று
இந்த வண்டி ஒருநாளும் சொல்லாது.

"றோட்டைத் திருத்திப்போட்டாங்கள் போல"
என்றார் அண்ணை.
ஓம் என்றேன்.
எழுபத்தாறாயிரத்தில்
மறுபடியும் படுப்பேன்.