அப்படியே மேலே

மே மாத முதல் சனி.
பள்ளிப் பேருந்தின் சாவியை ஆணியில் மாட்டிவிட்டேன்.
இன்று யாருடைய பிள்ளையும் என் பொறுப்பில் இல்லை.
விஸ்கான்சினில் பனி உருகிய ஓடை
முழங்கால் வரை கடிக்கிறது.
இடது பூட்ஸில் ஒரு ஓட்டை;
போன வருஷமும் இருந்தது,
அடுத்த வருஷமும் இருக்கும்.

ஆர்வின் என்னோடு மீன் பிடிக்க வரவில்லை.
என் காரில் வந்தான், என் காப்பியைக் குடித்தான்,
வெங்காயம் வந்த வலைப்பையைச் சுருட்டிச்
சட்டைக்குள் திணித்துக்கொண்டு
சரிவில் ஏறிப் போனான்.
காளான் எங்கே என்று கேட்டால்
"அப்படியே மேலே" என்பான்.
பதினாறு வருஷமாக அதே மேலே.
கழுவுகிற மீனில் நழுவுகிற மீன்.
ட்ரவுட்டுகள் அவனிடம் பாடம் கேட்கலாம்.

எனக்கு ஒளிக்க ஒன்றுமில்லை.
பாலத்தின் மேல் போகிற பால் லாரிக்காரன்
என் தொப்பியைப் பார்த்து ஹார்ன் அடிக்கிறான்.
மீன் நிற்கும் இடம் ஊருக்கே தெரியும்,
ஊர் நிற்கும் இடம் மீனுக்கும்.

மூன்றாவது வீச்சில் ஓர் இழுப்பு.
முதலில் முழங்கைக்குத்தான் தெரிந்தது,
எனக்குப் பிறகுதான்.
பழுப்பு விலாவில் சிவப்புப் புள்ளிகள்,
ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு நீல வளையம்,
பின்பெஞ்சுப் பையன் ஒருவன்
பாடம் கவனிக்காமல் வரைந்ததுபோல.
ஒரு சாண்கூட இல்லை.
தண்ணீருக்குள்ளேயே கொக்கியைக் கழற்றினேன்.
என் விரல்களுக்கிடையே ஒரு கணம் யோசித்துவிட்டு
போயிற்று.

அப்புறம் காற்று.
பின்னால் வீசிய கொக்கி
கரையில் செத்து நிற்கும் எல்ம் மரத்தில்,
எட்டாத கிளையில், மாட்டிக்கொண்டது.
பேருந்துக்குள் வாயில் வராத வார்த்தைகள் அத்தனையும்
ஓடைக்குக் கிடைத்தன.
உண்ணி ஏறுமே என்று சாக்ஸை இழுத்துவிட்டு,
முட்புதரைப் பிரித்து,
நூலைப் பிடித்தபடி தவழ்ந்தேன்.

பட்டை உரிந்து விழுந்த மரம். ஈரச் சருகு.
பைன் காய் ஒன்று கிடக்கிறது என்று நினைத்தேன்.
இந்தக் கரையில் பைனே கிடையாது.

மோரல்.

ஒன்றுதான்.
பிறகு கண் பழகியது.
அதன் பின்னால் ஒன்று. வேருக்கு அந்தப்பக்கம் மூன்று.
ஐயோ, என் முழங்காலுக்கடியிலேயே ஒன்று, நசுங்கி.
தேனடையும் கடற்பஞ்சும்
கல்யாணம் செய்து பெற்ற பிள்ளைகள்,
சருகைத் தலையால் முட்டிக்கொண்டு.
இருபத்துமூன்று வரை எண்ணினேன்.
மேற்கொண்டு எண்ணவில்லை,
உதடு அசைவதை யாராவது பார்த்துவிட்டால்?

சுண்டுவிரலுக்கும் சிறியவற்றை விட்டேன்,
மீனுக்குள்ள சட்டம் இதற்கும் இருக்கட்டும்.
மீன்கூடை நிறைந்தது, மீனில்லாமல்.

மதியம் ஆர்வின் இறங்கி வந்தான்,
தொங்கிப்போன பையுடன்.
நான்கு. அதில் ஒன்றை நத்தை பாதி தின்றிருந்தது.
"மேலே காய்ந்துவிட்டது" என்றான்.
கூடைமூடியின் இடுக்கில் அவன் கண் போய் நின்றது.
வெகுநேரம் நின்றது.
"எங்கே?"
என் பதினாறு வருஷமும் ஒன்றாகத் திரண்டு
நாக்கில் வெண்ணெயாக உருகியது.
"அப்படியே கீழே" என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. வண்டியில் ஏறினான்.
ஹால்வர்சன் பண்ணை தாண்டியபிறகு
தோள் குலுங்க ஆரம்பித்தது.

சாயங்காலம் என் அடுப்பில்
நீளவாக்கில் பிளந்தோம்; உள்ளே வெறும் கூடு,
ஒன்றில் மட்டும் ஓர் எறும்பு,
வீட்டுக்காரனைப்போல் நிமிர்ந்து பார்த்தது.
வெண்ணெய், உப்பு, ஓரம் முறுகும்வரை பொறுமை.
அவனுடைய நான்கும் என்னுடையவையும்
ஒரே வாணலியில் அடையாளம் தொலைத்தன.
ரொட்டியால் துடைத்துத் தின்றோம்,
ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல்.

படுக்கும்போதுதான் நினைவு வந்தது:
கொக்கியை நான் எடுக்கவே இல்லை.
ஆரஞ்சு நூல் சுற்றிய கொக்கி,
என் கைக்கட்டு, ஆர்வினுக்கு நன்றாகத் தெரியும்.
அந்த மரத்தில்தான் ஆடிக்கொண்டிருக்கிறது.

இருக்கட்டும்.
காளான் தேடுகிறவன்
தலை நிமிர்வதில்லை.